மேசைக்கு அடியில் விழுந்த துணிக்கைகள்: புதிய ஏற்பாட்டில் யூதரல்லாதவர்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தீரு பட்டணத்துப் பக்கம் சென்றிருந்த இயேசுவிடம் யூதரல்லாத ஒரு பெண் தன் மகளைக் குணமாக்கும்படி மன்றாடியபோது, பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று அவர் மறுமொழி சொன்னதாக மாற்கு எழுதியிருக்கிறார். இதைக் காட்டி, புதிய ஏற்பாடு யூதரல்லாதவரை மனிதராகவே மதிக்காத நூல் என்கிறார் உங்கள் அலுவலக நண்பர். நாய்க்குட்டி என்பது செல்லப் பேச்சு, அவளுடைய விசுவாசத்தைச் சோதிப்பதற்காகச் சொன்னது என்கிறார் உங்கள் போதகர். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'யூதராகப் பிறக்காத நம்மைப் போன்றவர்களைப் பற்றி இந்த நூல்கள் என்னதான் நினைக்கின்றன' என்று, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தை இறையியல் மாணவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் விசுவாசிதான், ஆனாலும் இங்கே மொழி வாத்தியாராகவே பேசுகிறேன்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'புறஜாதியார்' என்றும், திருவிவிலியத்தில் 'பிற இனத்தார்' என்றும் வருகிற இடங்களில் கிரேக்கத்தில் பெரும்பாலும் இருப்பது 'எத்னே' என்ற பன்மைச் சொல். அதற்கு நேர்ப்பொருள் 'இனங்கள்', 'மக்கட்கூட்டங்கள்' என்பதுதான். எபிரேய வேதத்தின் 'கோயிம்' என்ற சொல்லுக்கு ஈடாக யூத மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கையாண்டார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அக்காலத்தில் கொரிந்துவிலோ எபேசுவிலோ வாழ்ந்த யாரும் தன்னை இந்தச் சொல்லால் அறிமுகம் செய்துகொண்டிருக்க மாட்டான். அவன் கிரேக்கன், ரோமன், சீரியன், பிரிகியன் என்று ஏதாவது ஒன்றாக இருப்பான். இவர்கள் அத்தனை பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டும் பெயர், வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களுக்கு வைத்த பெயர். தமிழில் 'புறஜாதி' என்று எழுதும்போது, 'ஜாதி' என்ற சொல் நம் ஊரில் சுமந்து வரும் பாரம் முழுவதும் கிரேக்கத்தில் இல்லாத ஒரு நெடியாக அதில் ஏறிக்கொள்கிறது. இதைவிடத் தூரம் போன மொழிபெயர்ப்பு ஒன்றும் உண்டு. மத்தேயு 6:7, 18:17 ஆகிய இடங்களில் 'எத்னிகோஸ்' என்ற சொல்லுக்கு, அதாவது பிற இனத்தைச் சேர்ந்தவன் என்பதற்கு, பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'அஞ்ஞானி' என்று போட்டிருக்கிறது. மிஷனரிகள் காலத்தில் கிறிஸ்தவரல்லாத உள்ளூர்க்காரரைச் சுட்டுவதற்குப் புழங்கிய சொல் அது. வகுப்பில் இந்த வசனத்தைக் கிரேக்கத்தில் முதன்முதலாக வாசிக்கும் மாணவர்களில் பாதிப் பேர், 'ஞானம் இல்லாதவன்' என்பதற்கான சொல் எங்கே என்று தேடுவார்கள். அது மூலத்தில் இல்லை. அந்தத் தீர்ப்பு மொழிபெயர்த்தவர்களுடையது.

அதற்காக மூலம் பால்போல் வெள்ளை என்று சொல்லிவிட முடியாது. யூதரல்லாதவரைப் பன்மையில் குறிப்பிடும் இடங்களை மட்டும் தொகுத்துப் பார்த்தால் உங்கள் நண்பர் சொல்வதற்கு ஆதாரம் தாராளமாகவே கிடைக்கும். அவர்கள் ஜெபத்தில் வீண்வார்த்தைகளை அலப்புகிறவர்கள்; என்ன உண்போம், என்ன உடுப்போம் என்று அலைகிறவர்கள்; அவர்களுடைய தலைவர்கள் குடிகளை இறுமாப்பாய் ஆளுகிறவர்கள்; அவர்கள் தேவனை அறியாமல் இச்சைக்கு ஆட்பட்டவர்கள். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, 'நாம் பிறப்பால் யூதர், புறஜாதியாரான பாவிகள் அல்ல' என்று, 'பாவி' என்பது அந்த இனங்களின் குடும்பப் பெயர்போல, எந்த விளக்கமும் தராமல் சொல்லிக்கொண்டு போகிறார். இதே நூல்களில் ஒற்றை மனிதராக வருகிற யூதரல்லாதவர்களைத் தனியே எடுத்து வைத்தால் படம் ஏறக்குறைய தலைகீழாகிறது. கிழக்கிலிருந்து வரும் சாஸ்திரிகள், கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி, தீருப் பகுதிப் பெண், கனவு கண்டு கணவனை எச்சரிக்கும் பிலாத்துவின் மனைவி, சிலுவையின் அருகே நின்று சாட்சி சொல்லும் படைவீரன், செசரியாவின் கொர்நேலியு, எத்தியோப்பிய மந்திரி, கப்பல் உடைந்து கரையேறியவர்களுக்கு மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டிக் கொடுத்த மெலித்தா தீவார் என்று வரிசை நீளுகிறது. விதிவிலக்குகள் உண்டு. பிலாத்து இருக்கிறான், தன் வியாபாரம் கெட்டுவிடும் என்று எபேசுவில் கலகம் மூட்டும் வெள்ளித்தட்டான் தெமேத்திரியு இருக்கிறான், பர்னபாவை சேயுஸ் என்றும் பவுலை எர்மெஸ் என்றும் கொண்டாடிவிட்டுச் சற்று நேரத்தில் கல்லெறியும் லீஸ்திரா ஊர்ச் சனம் இருக்கிறது. ஆனாலும் பொதுப்போக்கு நான் சொன்னதுதான்: கூட்டமாக வந்தால் கெட்ட உதாரணம், தனி ஆளாக வந்தால் நல்ல உதாரணம்.

இந்த முரண் மிகக் கூர்மையாகத் தெரிவது மத்தேயுவில். 'எத்னிகோஸ்' என்ற சொல்லால் வேற்றினத்தாரை மூன்று முறை இளக்காரமாகக் குறிப்பிடும் சுவிசேஷம் அது. (மூன்றாவது இடமான 5:47-இல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'ஆயக்காரர்' என்று போட்டிருப்பது, பிற்காலக் கையெழுத்துப் பிரதிகளைப் பின்பற்றியதால்.) அதே சுவிசேஷம்தான் வம்ச வரலாற்றில் வேற்றினப் பெண்களான ராகாபையும் ரூத்தையும் சேர்த்து, சாஸ்திரிகளோடு கதையைத் தொடங்கி, சகல இனங்களையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளையோடு முடிக்கிறது. என் கணிப்பு இது: இரண்டு வகைச் சித்திரங்களும் யூதரல்லாதவரைப் பற்றிய விவரணை அல்ல, இரண்டும் உள்ளே இருக்கும் வாசகரை நோக்கியவை. அவர்களைப் போல ஆகிவிடாதே என்று எச்சரிக்கக் கூட்டம் தேவைப்படுகிறது. அவனுக்கு இருக்கும் நம்பிக்கைகூட உனக்கு இல்லையே என்று வெட்கப்படுத்தத் தனி மனிதன் தேவைப்படுகிறான். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பொதுவாகக் குறை பேசுகிற தாயே, தன் மகனைத் திட்டும்போது மட்டும் பக்கத்து வீட்டுப் பையனை எடுத்துக்காட்டுகிறாள் அல்லவா, ஏறக்குறைய அப்படி. சாஸ்திரிகள் ஊர் திரும்பிய பின் என்ன செய்தார்கள், நூற்றுக்கு அதிபதி பிறகு யாரை வணங்கினான் என்பதில் மத்தேயுவுக்கு அக்கறை இல்லை.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். மாற்கு 7:24-30 ஏழே வசனங்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் எடை உள்ளது. அவளை மாற்கு 'கிரேக்கப் பெண், இனத்தால் சீரோபேனிக்கியாள்' (சீரியப் பகுதிப் பெனிக்கியாவைச் சேர்ந்தவள்) என்று இரட்டை அடையாளத்தோடு அறிமுகம் செய்கிறார், பெயர் சொல்வதில்லை. இயேசு சொல்லும் வாக்கியம் 'முந்தி' என்ற சொல்லோடு தொடங்குகிறது: முந்திப் பிள்ளைகள் திருப்தியடையட்டும். அங்கே 'திருப்தியடைதல்' என்பதற்கான கிரேக்க வினை, ஆறாம் அதிகாரத்தில் ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்தபோதும், எட்டாம் அதிகாரத்தில் நாலாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்தபோதும் வருகிற அதே வினை. முதல் விருந்தில் பன்னிரண்டு கூடை மீந்தது; இரண்டாவதில் ஏழு கூடை மீந்தது; இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் வந்து, சிந்துகிற துணிக்கைகள் போதும் என்கிறாள். இப்படி அடுக்கியது மாற்குவின் கைவேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவது விருந்தில் உண்டவர்கள் யூதரல்லாதவர்கள் என்று பலர் சொல்வதுண்டு. இடத்தை வைத்துப் பார்த்தால் பொருத்தமாகவே இருக்கிறது, ஆனால் மாற்கு அதை வெளிப்படையாக எங்கும் சொல்லவில்லை, ஆகவே அதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செல்லப் பேச்சு என்ற விளக்கத்துக்கு வருகிறேன். மூலத்தில் இருப்பது 'கினாரியோன்'. நாய் என்ற சொல்லோடு, சிறியது என்று காட்டும் விகுதி சேர்ந்தது. அந்த அளவில் 'நாய்க்குட்டி' என்ற தமிழ் தவறல்ல. ஆனால் அக்காலப் பேச்சுக் கிரேக்கத்தில் இத்தகைய விகுதிகள் பெரும்பாலும் தேய்ந்துபோய், மூலச் சொல்லின் பொருளையே தந்தன; மாற்குவுக்கு அவற்றின் மேல் தனி மோகமே உண்டு. இந்தச் சிறு பகுதியிலேயே மகள், பிள்ளை, துணிக்கை எல்லாமே அந்த வடிவில்தான் வருகின்றன. கெத்செமனேயில் பிரதான ஆசாரியனின் வேலைக்காரனுடைய காதை ஒருவன் வெட்டுகிறானே, அந்தக் காதுக்கும் மாற்கு இதே '-ஆரியோன்' விகுதியைச் சேர்த்து 'ஓதாரியோன்' என்கிறார். வாளால் வெட்டுண்ட காதை யாரும் செல்லமாகக் குறிப்பிடுவதில்லை. எனவே விகுதியை மட்டும் நம்பி இந்த வாக்கியத்தின் கசப்பைக் கழுவ முடியாது. போதகர் பக்கம் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: இந்த நாய்கள் மேசைக்கு அடியில் இருப்பவை, இயேசுவின் உவமையில் வரும் பிச்சைக்காரன் லாசருவின் புண்களை நக்கிய தெரு நாய்கள் அல்ல. வீட்டில் ஓர் இடம் அவற்றுக்கு இருக்கிறது. ஆனாலும் ஒரு தாயின் முகத்துக்கு நேரே, உன் மகள் பிள்ளையல்ல, நாய் என்று சொன்னால், வீட்டு நாயா தெரு நாயா என்பது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்?

இன்னொரு பக்கத்தில், 'யூதர்கள் மற்றவர்களை நாய்கள் என்றுதான் வழக்கமாக அழைப்பார்கள், இயேசு அந்த வழக்கைப் பயன்படுத்தினார்' என்று உரைநூல்களில் அடிக்கடி காணப்படும் கூற்று, எவ்வளவு அடிக்கடி திரும்பச் சொல்லப்படுகிறதோ அவ்வளவுக்கு ஆதாரம் உடையதல்ல. எபிரேய வேதத்தில் நாய் என்பது யாரையும் இழிக்கும் பொதுவான வசவு. 'நான் நாயா' என்று கோலியாத் கேட்கிறான். சவுல் ராஜாவின் பேரன் மேவிபோசேத் தாவீதின் முன் தன்னைத்தானே செத்த நாய் என்று சொல்லிக்கொள்கிறான், அவன் சுத்தமான இஸ்ரவேலன். ஏனோக்கின் பெயரால் வழங்கும் நூலில் இஸ்ரவேலை ஆடுகளாகவும் பகை நாடுகளை நாய், நரி, காட்டுப்பன்றிகளாகவும் உருவகிக்கும் பகுதி ஒன்று உண்டு. ரபிகளின் நூல்களிலிருந்து காட்டப்படும் மேற்கோள்கள் பெரும்பாலும் பிற்காலத்தவை. அன்றாட வழக்கு என்று நிறுவ இவை போதா.

அப்படியானால் இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது? ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் தைசன் முன்வைத்த விளக்கம் எனக்குப் பிடித்தமானது, நிரூபிக்கப்பட்டதல்ல என்ற எச்சரிக்கையோடு சொல்கிறேன். தீரு பணக்காரத் துறைமுகம். அதற்கென்று விளைநிலம் குறைவு. கலிலேயாவின் உள்நாட்டுத் தானியம் அந்த நகரத்தின் வயிற்றுக்குப் போயிற்று. தீரு, சீதோன் மக்களின் தேசம் ராஜாவுடைய தேசத்தால் போஷிக்கப்பட்டது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 12:20 ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. பெனிக்கியரில் தீரு நகரத்தார் யூதர் மேல் மிகுந்த பகை கொண்டவர்கள் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபசும் எழுதியிருக்கிறார். விளைவித்தவன் வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்க, அப்பம் எல்லை தாண்டிப் போவதைக் கண்ட கலிலேயக் குடியானவன் காதில், 'பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து' என்ற சொற்கள் வேறு விதமாக ஒலித்திருக்கும். அப்படிப் பார்த்தால் அந்த உரையாடலில் மேலிடத்திலிருந்து கீழே வந்து நிற்பவள் அந்தப் பெண்தான். ஆனால் கதை அவளைச் செல்வந்தி என்று சொல்லவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

எப்படி விளக்கினாலும், பிரதியில் ஐயமின்றி இருப்பது ஒன்று. அவள் நாய் என்ற உருவகத்தை மறுக்கவில்லை. 'முந்தி' என்ற சொல்லைத்தான் மறுக்கிறாள். பிள்ளைகள் உண்டு முடித்த பிறகு நாய்களுக்கு என்பது அவர் சொன்ன வரிசை. பிள்ளைகள் உண்ணும்போதே அடியில் சிந்துவதை நாய்களும் உண்கின்றனவே என்பது அவள் பதில். பந்தி முடியும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கும் ஒன்றும் குறையாது. அதற்கு இயேசு, 'இந்த வார்த்தையினிமித்தம் போகலாம்' என்கிறார். மாற்கு 'விசுவாசம்' என்ற சொல்லை இங்கே வாயால்கூடச் சொல்லவில்லை. 'லோகோஸ்', அவள் பேசிய பேச்சு, அதுதான் காரணம். விசுவாசச் சோதனை என்ற விளக்கம் மத்தேயுவிலிருந்து மாற்குவுக்குக் கடன் வாங்கி வந்தது.

மத்தேயு 15-இல் கதை கணிசமாக மாறியிருக்கிறது. அவள் இப்போது 'கானானியப் பெண்'; யோசுவா காலத்துப் பழம்பகையின் பெயரைத் தேடி எடுத்து அவள் மேல் போர்த்தியிருக்கிறார். அந்தக் கானானியாள் வாயில் 'தாவீதின் குமாரனே' என்ற யூத விளிப்பு வருகிறது. இயேசு முதலில் பதிலே சொல்வதில்லை. சீஷர்கள் அவளை அனுப்பிவிடச் சொல்கிறார்கள். காணாமற்போன ஆடுகளான இஸ்ரவேல் வீட்டாரிடம் மட்டுமே அனுப்பப்பட்டேன் என்கிறார். மாற்குவின் 'முந்தி' காணாமல் போகிறது; அதோடு, பிறகு உனக்கும் உண்டு என்ற குறிப்பும் போய்விடுகிறது. ஒரு சிறு மாற்றத்தை மாணவர்களுக்கு எப்போதும் காட்டுவேன். மாற்குவில் நாய்கள் தின்பது 'பிள்ளைகளின் துணிக்கைகள்'. மத்தேயுவில் 'தங்கள் எஜமான்களின் மேசையிலிருந்து விழும் துணிக்கைகள்'. 'எஜமான்' என்பதற்கான கிரேக்கச் சொல் 'கிரியோஸ்'. அந்தப் பெண் இந்தப் பகுதியில் மூன்று முறை இயேசுவை 'ஆண்டவரே' என்று விளிப்பதும் அதே சொல்லால்தான். மாற்குவில் வாதாடி வென்றவள் மத்தேயுவில் பணிந்து வேண்டுகிறாள். அதற்குப் பரிசாக 'உன் விசுவாசம் பெரிது' என்ற பாராட்டைப் பெறுகிறாள். லூக்கா இந்தக் கதையையே எடுத்துக்கொள்ளவில்லை. மாற்கு 6:45 முதல் 8:26 வரையுள்ள நீண்ட பகுதி முழுவதுமே அவரிடம் இல்லை என்பதால், இந்த ஒன்றை மட்டும் சங்கடப்பட்டு விட்டார் என்று சொல்ல முடியாது.

கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி கதையில் லூக்கா செய்திருப்பது சுவையானது. மத்தேயுவில் அவன் நேரே வந்து பேசுகிறான். லூக்கா 7-இல் இயேசுவும் அவனும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. முதலில் யூத மூப்பர்களை அனுப்புகிறான், பிறகு நண்பர்களை. மூப்பர்கள் அவனுக்காகச் சிபாரிசு செய்கிறார்கள்: நம் ஜனத்தை நேசிக்கிறான், நமக்கு ஜெபாலயம் கட்டிக் கொடுத்திருக்கிறான். கலிலேயா அப்போது ஏரோது அந்திப்பாவின் ஆட்சியில் இருந்தது. ரோம லெகியோன்கள் அங்கே நிலையாகத் தங்கியிருந்ததற்குச் சான்றில்லை. ஆகவே இவன் ரோமப் படையாளா, அந்திப்பாவின் சம்பளத்தில் இருந்த யூதரல்லாத அதிகாரியா என்பது தீராத விவாதம். ஆனால் யூதரல்லாத ஒருவர் ஜெபாலயம் கட்டிக் கொடுப்பது லூக்காவின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பிரிகியாவின் (இன்றைய துருக்கி) அக்மோனியாவில் கிடைத்த கல்வெட்டு ஒன்று, யூலியா செவேரா கட்டிய ஜெபாலயத்தைப் பிற்காலத்தார் புதுப்பித்ததைச் சொல்கிறது. அவளோ நீரோ காலத்தில் பேரரச வழிபாட்டின் பூசாரிணியாக இருந்த பெருமாட்டி. அப்ரோதிசியாவில் 1976-இல் கிடைத்த பளிங்குத் தூண், யூதர்களோடு சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட 'தேவபக்தர்'களின், அதாவது யூதராக மாறாமலே ஜெபாலயத்தோடு ஒட்டிப் பழகிய பிற இனத்தாரின், பெயர்களைப் பட்டியலிடுகிறது. அவர்களில் நகரசபை உறுப்பினர்களும் உண்டு. முதலில் 3-ஆம் நூற்றாண்டு என்றார்கள், இப்போது அதற்கும் பிந்தியது என்று பலர் கருதுகிறார்கள். எப்படியும் யூதரும் மற்றவரும் அண்டை அயலாராகப் பழகிய உலகத்தை அது காட்டுகிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 10:28-இல் கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு, யூதன் அந்நிய ஜாதியானோடு கலந்துகொள்வது விலக்கப்பட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார். இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொண்டு, யூதமதம் மூடிய வீடு, கிறிஸ்தவம் கதவைத் திறந்தது என்று ஆயிரம் பிரசங்கங்கள் வந்துவிட்டன. உணவு பற்றியும், விக்கிரகங்களுக்குப் படைத்தவை பற்றியும், யாரோடு பந்தியில் அமர்வது என்பது பற்றியும் உண்மையான சிக்கல்கள் இருந்தன. அந்தியோகியாவில் பவுலும் பேதுருவும் முகத்துக்கு நேரே மோதிக்கொண்டதே அதற்குச் சான்று. ஆனால் பழகவே கூடாது என்ற பொதுச்சட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ரூத்தும், சீரியப் படைத்தலைவன் நாகமானும், யோனாவின் கப்பலில் இருந்த மாலுமிகளும் எபிரேய வேதமே நல்லவர்களாகக் காட்டும் வேற்றினத்தார். நாசரேத்து ஜெபாலயத்தில் இயேசு சாறிபாத் விதவையையும் நாகமானையும் எடுத்துக்காட்டும்போது, கேட்டவர்களின் சொந்த வேதத்திலிருந்துதான் எடுத்துக் காட்டுகிறார். அந்நியனை நல்லவனாகக் காட்டிச் சொந்த ஜனத்தை இடித்துரைக்கும் முறை தீர்க்கதரிசிகளின் சொத்து.

எல்லைகள் இருந்தன என்பதற்கு நம் கையில் இருக்கும் மிக உறுதியான சான்று ஒரு கல். எருசலேம் ஆலயத்தின் உட்பிராகாரத்தைச் சுற்றியிருந்த தடுப்புச் சுவரில் பதித்திருந்த எச்சரிக்கைப் பலகை அது. 1871-இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன்-கானோ கண்டெடுத்தார், இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் ஏழு வரிகள்: அந்நியன் எவனும் தடுப்புக்குள் நுழையக் கூடாது, பிடிபட்டால் தொடர்ந்து வரும் சாவுக்கு அவனே பொறுப்பு. உடைந்த இன்னொரு பிரதி 1935-இல் கிடைத்தது. எபேசு நகரத்தானான துரோப்பீமுவை இந்த எல்லையைத் தாண்டி உள்ளே அழைத்துச் சென்றார் என்ற பழியில்தான் பவுலை ஆலயத்தில் பிடித்து அடிக்கிறார்கள். அந்தக் கல்லில் 'அந்நியன்' என்பதற்கு வெட்டியிருக்கும் சொல் 'அல்லோகெனேஸ்'. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் ஒரே ஒரு முறை வருகிறது: குணமான பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்த சமாரியனைப் பற்றி, 'இந்த அந்நியன் தவிர வேறொருவனும் திரும்பி வரவில்லையா' என்று இயேசு கேட்கும் லூக்கா 17:18-இல். (சமாரியர் முழு அந்நியரும் அல்ல, முழுச் சொந்தமும் அல்ல, மத்தேயு 10:5 அவர்களையும் புறஜாதியாரையும் தனித்தனியாகவே எண்ணுகிறது.) லூக்கா அந்தக் கல்லை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நிரூபிக்க முடியாது. கிரேக்க ஏசாயா 56-இலும் அதே சொல் இருக்கிறது. ஆண்டவர் என்னைத் தம் ஜனத்திலிருந்து பிரித்துவிடுவார் என்று அந்நியன் சொல்ல வேண்டாம் என்ற இடம் அது. வெளியே நில் என்ற கல்லுக்கும் உள்ளே வா என்ற ஏட்டுக்கும் ஒரே சொல்தான் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

பவுலைச் சுருக்கமாகவே தொடுகிறேன், அவரைப் பற்றி எழுதினால் முடிவிராது. யூதரல்லாதவரை 'பாவிகள்' என்று சொன்ன அதே மனிதர் தம்மைப் புறஜாதியாருக்கு அப்போஸ்தலன் என்று அழைத்துக்கொள்கிறார். ரோமர் 11-இல் அவர்களைக் காட்டொலிவக் கிளைகள் என்கிறார். நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்டவர்கள். தோட்டக்காரர் வழக்கமாகச் செய்வது காட்டு மரத்தில் நல்ல கிளையை ஒட்டுவது. பவுல் அதைத் திருப்பிப் போட்டு, இது இயல்புக்கு மாறானது என்று தாமே ஒப்புக்கொள்கிறார். பட்டிக்காட்டு மனிதரல்ல, தோட்டம் தெரியாது என்று அவரைக் கேலி செய்வோர் உண்டு; ஆனால் கிழட்டு ஒலிவத்துக்கு உயிரூட்டக் காட்டொலிவத்தைச் செருகும் பழக்கத்தை ரோம வேளாண்மை ஆசிரியர் கொலுமெல்லா குறித்திருக்கிறார். பவுலுக்கு முக்கியம் அடுத்த வரி: ஒட்டப்பட்ட நீ வெட்டப்பட்ட கிளைகளைப் பார்த்துப் பெருமை பேசாதே, நீ வேரைத் தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது.

அந்த எச்சரிக்கை 50-களின் இறுதியை ஒட்டி எழுதப்பட்டது. அதற்குள்ளேயே சொல் இடம் பெயரத் தொடங்கியிருந்தது. கொரிந்தியரைப் பார்த்து 'நீங்கள் புறஜாதியாராய் இருந்தபோது' என்று இறந்தகாலத்தில் எழுதுகிறார் பவுல். அவர்கள் யூதராக மாறவில்லை; ஆனாலும் அவர் கணக்கில் இப்போது 'எத்னே' அல்லர். பேதுருவின் முதல் நிருபத்தில் இது முழுமையாகிவிட்டது. வாசகர்கள் பெரும்பாலும் யூதராகப் பிறக்காதவர்கள் என்றுதான் பிரதியின் போக்கு காட்டுகிறது. ஆனாலும் புறஜாதியார் விரும்புவதைச் செய்து கழித்த காலம் போதும், அவர்கள் நடுவே ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று அவர்களுக்கே புத்தி சொல்லப்படுகிறது. யூதர் வைத்த வெளியாள் பெயரை எடுத்து, நேற்று வரை அந்தப் பெயருக்கு உரியவர்களாக இருந்தவர்களே இன்று சபைக்கு வெளியே இருக்கும் தங்கள் தாயார் தகப்பனார் மேல் ஒட்டுகிறார்கள். தமிழில் அது 'அஞ்ஞானி'யாக மாறியது இதே பாதையின் கடைக்கோடி.

உங்கள் நாய்க்குட்டியும் இதே பாதையில்தான் போயிற்று. பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல், யூதரல்லாதவருக்கு விருத்தசேதனத்தை வற்புறுத்திய எதிராளிகளை 'நாய்கள்' என்கிறார். ஞானஸ்நானம் பெறாதவர் நற்கருணையில் பங்குபெறக் கூடாது என்பதற்கு, பரிசுத்தமானதை நாய்களுக்குக் கொடாதேயுங்கள் என்ற வசனத்தைத் திதாகே என்னும் பழைய சபை ஒழுங்கு நூல் காரணம் காட்டுகிறது. நாலாம் நூற்றாண்டில் இன்றைய வடிவம் பெற்ற கிளெமெந்து பேருரைகள் (பழைய கிறிஸ்தவக் கதைநூல் ஒன்று) அந்தத் தாய்க்கு யூஸ்தா என்றும் மகளுக்குப் பெரெனீக்கே என்றும் பெயரிட்டு, அவள் தன் வேற்றின வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட பிறகே மகள் குணமானாள் என்று கதையைத் திருத்திக்கொள்கின்றன. 386-இல் அந்தியோகியாவில் சபையின் பிரசங்கியான யோவான் கிறிசோஸ்தோம் யூதர்களுக்கு எதிராகப் பிரசங்கித்தபோது இதே வசனத்தை எடுத்து, பிள்ளைகளாக இருந்த அவர்கள் நாய்களானார்கள், நாய்களாக இருந்த நாம் பிள்ளைகளானோம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த சபையோ பெரும்பாலும் யூதரல்லாதவரின் சந்ததி. அடுத்த முறை நண்பரோடும் போதகரோடும் பேசும்போது மாற்கு 7:28-ஐ மட்டும் நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பெண் மேசைக்கு அடியில் விழுவதைக் கேட்டாள். பிள்ளைகளை மேசையிலிருந்து எழுப்பும்படி அவள் கேட்கவில்லை.